கலவாத பால்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு தாய் மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாமல் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். அந்தப் பாலில் வைரஸ் இருக்கிறது. எவ்வளவு பால் உள்ளே போனால் குழந்தைக்குத் தொற்று வரும்? கென்யத் தலைநகர் நைரோபியில் நடந்த ஓர் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2003-இல் இதைக் கணக்கிட்டார்கள். ஒரு லிட்டர் பாலுக்குத் தொற்று நேரும் வாய்ப்பு 0.00064. அதாவது ஏறத்தாழ 1,500 லிட்டருக்கு ஒரு தொற்று. ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளரும் குழந்தை அந்த ஆறு மாதத்தில் குடிப்பது மிஞ்சிப்போனால் 140 லிட்டர்.

இந்த எண் அச்சம் தருவதும் ஆறுதல் தருவதும் நாம் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நூறு குழந்தைகள் தலா 140 லிட்டர் குடித்தால் மொத்தம் 14,000 லிட்டர். அவர்களில் எட்டு ஒன்பது பேருக்குத் தொற்று. மருந்து கைக்கு எட்டாத காலத்தில் இப்படித்தான் லட்சக்கணக்கான குழந்தைகள் தாய்ப்பால் வழியாக எச்.ஐ.வி.யைப் பெற்றார்கள். மறுபக்கம் ஒன்று இருக்கிறது. வைரஸ் கலந்த பால் ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை, மாதக்கணக்கில், பச்சைச் சிசுவின் வாயையும் தொண்டையையும் குடலையும் நனைத்துக்கொண்டு இறங்குகிறது. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொற்று வருவதில்லை. தொற்றுள்ள ரத்தத்தை ஒரே ஒரு பை ஏற்றினால் அநேகமாக நிச்சயமாகப் பற்றிக்கொள்ளும் இதே வைரஸ், பாலில் வரும்போது மட்டும் இவ்வளவு தடுமாறுவது ஏன்?

அந்தக் கேள்விக்கு விடை தேடிய நாற்பது ஆண்டுகளில் உலகம் தாய்மார்களுக்குச் சொன்ன அறிவுரை பல முறை மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையாகக் குழந்தைகளின் உயிர்கள் போயின. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு கவனமாக எண்ணப்பட்ட, எண்ணியதாலேயே இவ்வளவு பேரைக் காப்பாற்றிய கதை குறைவு என்று நான் நினைக்கிறேன்.

பால் வழியாக எச்.ஐ.வி. பரவும் என்பதை மருத்துவ உலகம் 1985-இல் அறிந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் வைரஸ் இருந்தது. அவர் பால் கொடுத்த குழந்தைக்கும் தொற்று வந்தது. கருவறையிலோ பிரசவ நேரத்திலோ வந்திருக்க முடியாது. அப்போது தாய்க்கே தொற்று இல்லை. மிச்சமிருந்தது பால் ஒன்றுதான். அதே ஆண்டு அமெரிக்கா தன் நாட்டுத் தாய்மார்களுக்குச் சொல்லிவிட்டது: தொற்று இருந்தால் தாய்ப்பால் வேண்டாம். சுத்தமான குழாய்த் தண்ணீரும், குளிர்பதனப் பெட்டியும், கடை நிறையப் பால் பவுடரும் உள்ள நாட்டில் அது சுலபமான அறிவுரை.

ஆப்பிரிக்காவில் அப்படிச் சொல்ல முடியவில்லை. தாய்ப்பாலை விட்டுப் பவுடர் டப்பாவுக்கு மாறிய ஏழைக் குடும்பங்களில் வயிற்றுப்போக்கு எத்தனை பிஞ்சுகளைக் கொண்டுபோனது என்பதை 1970-களிலேயே உலகம் பார்த்துவிட்டது. பால் பவுடர் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறை 1981-இல் வந்ததே அதனால்தான். தாய்ப்பாலே சிறந்தது என்று ஊர் ஊராகச் சொல்லி வந்த செவிலியர்கள், சில தாய்மார்களிடம் மட்டும் அதற்கு நேர்மாறாகப் பேச வேண்டிவந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனம் ஒரு சோதனை வைத்தது. தாய்ப்பாலுக்கு மாற்று குடும்பத்துக்கு ஏற்புடையதா, நடைமுறையில் முடியுமா, செலவு கட்டுப்படியாகுமா, தொடர்ந்து கிடைக்குமா, பாதுகாப்பானதா? ஐந்துக்கும் ஆம் என்றால் தாய்ப்பாலைத் தவிர்க்கலாம். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தனக்குத் தொற்று இருப்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டு அதிர்ந்து உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பெண், கூட்டம் நிற்கும் கர்ப்பிணிப் பிரிவில், சில நிமிடங்களுக்குள் இந்த ஐந்துக்கும் எப்படிப் பதில் சொல்வார்?

நைரோபியில் 1990-களில் ஒரு துணிச்சலான ஆய்வு நடந்தது. தொற்றுள்ள 425 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைத் தாய்ப்பால் கொடுக்கவும், மறுபாதியினரைப் பவுடர் பால் கொடுக்கவும் சொன்னார்கள். நகராட்சித் தண்ணீர் வசதி உள்ளவர்களையே சேர்த்தார்கள். இரண்டு வயதில் தாய்ப்பால் குழந்தைகளில் 36.7 சதவீதத்தினருக்குத் தொற்று. பவுடர் பால் குழந்தைகளில் 20.5. இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. அந்த 20.5 சதவீதம் பெரும்பாலும் கருவறையிலும் பிரசவத்திலும் வந்தது. மிகுதிதான் பாலின் பங்கு. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு வரிசையில், இரண்டு வயதுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் பலரை வேறு ஏதோ கொண்டுபோயிருந்தது. 2000-இல் இது வெளியானபோது பலர் முதல் எண்ணைத்தான் பார்த்தார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து யாரும் எதிர்பாராத ஒரு முடிவு வந்திருந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம் மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழும் அதே டர்பன். அங்கே அன்னா குட்சூடிஸ், ஹூசேன் கூவாடியா ஆகியோரின் குழு, கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தைக்குத் தொற்று குறையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கூவாடியா இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர், பம்பாயில் மருத்துவம் படித்துத் திரும்பியவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்றவர், 2023-இல் காலமானார். வைட்டமின் ஏ பலன் தரவில்லை. ஆனால் குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு வருகையிலும் தாய்மார்களிடம் விடாமல் கேட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். பால் மட்டுமா, பாலோடு தண்ணீரா, கஞ்சியா, பவுடரா என்று பிரித்துக் கேட்டார்கள். அந்தப் பொறுமைதான் கண்டுபிடிப்பைத் தந்தது.

பின்னர் வெளியான ஆறு மாதக் கணக்கில், தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகளில் தொற்று 19.4 சதவீதம். குறைந்தது மூன்று மாதமாவது தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத குழந்தைகளிலும் அதே 19.4 சதவீதம். தாய்ப்பாலும் குடித்து மற்றதும் குடித்த குழந்தைகளிலோ 26.1 சதவீதம்.

இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகளின் தொற்று பிறப்புக்கு முன்போ பிறக்கும்போதோ வந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களின் எண்ணும் அதையே காட்டுகிறது என்றால், அந்த மாதங்களில் பால் தனியாக எதையும் கூட்டவில்லை என்று தோன்றுகிறது. வைரஸ் கலந்த பாலை முழுதாகக் குடித்த குழந்தை, அந்தப் பாலைக் குறைவாகக் குடித்து மிச்சத்துக்குத் தண்ணீரும் கஞ்சியும் குடித்த குழந்தையைவிடப் பத்திரமாக இருந்தது. நஞ்சின் அளவு குறைந்தால் ஆபத்து குறையும் என்ற சாதாரண அறிவுக்கு இது எதிர். பலர் நம்ப மறுத்ததில் வியப்பில்லை. இதைச் சோதிப்பதற்கென்றே, டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்து 2007-இல் வெளிவந்தது. தாய்ப்பாலோடு திட உணவும் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வாய்ப்பு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஏறத்தாழ 11 மடங்கு. பவுடர் பாலைக் கலந்து கொடுத்தவர்களுக்கு இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் 6.1 சதவீதம், மாற்றுப் பால் குடித்தவர்களில் 15.1 சதவீதம்.

ஏன் இப்படி? விடையின் ஒரு பாதி குழந்தையின் குடலில் இருக்கிறது. மறுபாதி தாயின் மார்பில். இரண்டிலும் நடப்பது ஒரே காரியம் என்பதுதான் என்னை மலைக்க வைத்தது.

குடலின் உட்சுவர் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. நெருக்கிப் பின்னிய கோரைப்பாய் மாதிரி, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இறுக்கமான இணைப்புகள். பிறந்த குழந்தையில் இந்தப் பின்னல் இன்னும் தளர்வு. தாய்ப்பாலில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் அதை நாளுக்கு நாள் இறுக்குகின்றன. வெளித் தண்ணீரும் பசும்பாலும் மாவுக்கஞ்சியும் உள்ளே போனால் புதிய புரதங்களும் கிருமிகளும் சேர்ந்து போகின்றன, குடல் சற்றே அழற்சியடைகிறது, பின்னல் நெகிழ்கிறது. அழற்சி என்றால் நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடிவருவது இயல்பு. எச்.ஐ.வி. தேடுவதும் சி.டி.4 என்ற அந்தச் செல்களைத்தான். வழியும் திறந்து, வைரஸ் தொற்றக்கூடிய செல்களும் வாசலுக்கே வந்து நிற்கும் நிலை. அந்த நேரத்தில் தாய்ப்பாலும் வந்தால் வைரஸுக்கு வாய்ப்புக் கூடுகிறது.

இனித் தாயின் பக்கம். குழந்தை வேறு எதையோ குடித்து வயிறு நிறைந்தால் மார்பை முழுதாகக் காலி செய்யாது. பால் கட்டிக்கொள்ளும். வலியோ காய்ச்சலோ தெரியாமலேயே மார்புத் திசுவில் லேசான அழற்சி உண்டாகும். பால் சுரக்கும் செல்களுக்கு இடையிலும் அதே மாதிரி இறுக்கமான இணைப்புகள்தான். அவை நெகிழும்போது ரத்தத்தில் இருக்க வேண்டியவை பாலில் கசிகின்றன. பாலில் சோடியம் உயர்வதை வைத்து இதை அளக்கிறார்கள். சோடியம் உயர்ந்த பாலில் வைரஸும் உயர்ந்திருப்பதை மலாவியில் 1990-களிலேயே கண்டார்கள். சாதாரணமாகப் பாலில் உள்ள வைரஸ் ரத்தத்தில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். மார்பு வீக்கமும் காம்பு வெடிப்பும் அந்த அளவை ஏற்றிவிடுகின்றன. ஆக, வேறு உணவைக் கலந்து கொடுப்பது குழந்தையின் குடல் சுவரையும் தாயின் பால் சுரப்பிச் சுவரையும் ஒரே சமயத்தில் நெகிழ்த்துகிறது.

பாலும் சும்மா இருப்பதில்லை. அதில் வைரஸை ஒட்டிப் பிடிக்கும் பொருள்கள் பல. ஒவ்வொரு லிட்டர் தாய்ப்பாலிலும் 10 முதல் 15 கிராம் வரை ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. ஒலிகோசாக்கரைடுகள் என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட வகை. குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. பின் எதற்கு? குடலில் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகவும், கிருமிகள் செல்லில் ஒட்டாதபடி குறுக்கே நிற்பதற்கும். ஜாம்பியத் தாய்மார்களின் பாலைப் பரிசோதித்ததில், இந்தச் சர்க்கரைகள் அதிகமிருந்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாக வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2013-இல் இன்னொன்றைக் கண்டார்கள். காயம் ஆறுவதில் பங்கு உண்டு என்று அதுவரை அறியப்பட்ட டெனாசின்-சி என்ற புரதம், பாலில் இருந்துகொண்டு எச்.ஐ.வி.யின் மேலுறையைப் பிடித்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. மனித நோய் எதிர்ப்புச் செல்கள் பொருத்தப்பட்ட எலிகளில் வாய் வழியாக வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, மனிதத் தாய்ப்பாலில் கலந்து கொடுத்தால் தொற்று வெகுவாகத் தடுக்கப்பட்டது. 1,500 லிட்டர் என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தனை காவல் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் உலகம் முழுதாக நம்பவில்லை. நம்ப வைத்தது ஒரு மழைக்காலம்.

போட்ஸ்வானா ஆப்பிரிக்காவில் வசதியான நாடுகளில் ஒன்று. வைரம் விற்ற பணத்தில் சாலையும் மருத்துவமனையும் பெரும்பாலான மக்களுக்குக் குழாய்த் தண்ணீரும் தந்த அரசு. தொற்றுள்ள தாய்மார்களுக்கு மருந்தோடு பவுடர் பாலையும் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து கேள்விகளுக்கும் ஒரு நாடே ஆம் சொல்லக்கூடும் என்றால் அது போட்ஸ்வானாதான். 2005 இறுதியிலிருந்து 2006 தொடக்கம் வரை அங்கே பெருமழை. வெள்ளம் குடிநீரைக் கெடுத்தது. வயிற்றுப்போக்கு பரவியது. ஆண்டின் முதல் சில மாதங்களில் 500-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் இறந்தார்கள். வழக்கமான ஆண்டில் அந்தக் காலத்தில் இறப்பவர்கள் மிகச் சிலரே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய மருத்துவர் டிரேசி கிரீக் தலைமையில் ஆராய வந்தவர்கள் ஃபிரான்சிஸ்டவுன் மருத்துவமனையில் பார்த்தது: உள்நோயாளியாக வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். தாய்ப்பால் குடிக்காத குழந்தை மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு, குடிக்கும் குழந்தையைவிட ஏறத்தாழ 50 மடங்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இல்லை.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். எச்.ஐ.வி.யிலிருந்து தப்பிய குழந்தைகள் அவர்கள். தாய் சொன்னபடி கேட்டார், மருந்து சாப்பிட்டார், பால் கொடுக்காமல் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். பிறகு தண்ணீர் வந்து குழந்தையைக் கொண்டுபோனது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாய்மார்களிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

அப்படியானால் சில மாதம் தாய்ப்பால் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால்? இரண்டு பலனும் கிடைக்குமே என்று பலரும் நினைத்தார்கள். ஜாம்பியத் தலைநகர் லுசாகாவில் 958 தாய்மார்களோடு இதைச் சோதித்தார்கள். நான்காம் மாதத்தில் ஒரேயடியாகப் பால் மறக்கவைத்த குழந்தைகளும், தாய் விரும்பியவரை குடித்த குழந்தைகளும் இரண்டு வயதில் தொற்றின்றி உயிரோடு இருந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே தொற்று வந்துவிட்ட குழந்தைகளுக்கோ, சீக்கிரம் நிறுத்தியது உயிரையே பறித்தது. பால் நிறுத்திய மார்பில் பால் கட்டி, அதில் வைரஸ் மளமளவென ஏறியதையும் பின்னர் அளந்து காட்டினார்கள். தப்பித்தவறி மறுபடி ஒருமுறை வாய்வைத்தால் அந்தப் பால் முன்னைவிட ஆபத்தானது. நிறுத்துவதென்றால் ஒரு மாத காலத்தில் படிப்படியாக நிறுத்துங்கள் என்று இப்போது சொல்வது இதனால்தான்.

இந்த ஆய்வுகளிலிருந்து தொற்றின்றி உயிர்வாழ்தல் என்ற அளவுகோல் ஒன்று பிறந்தது. குழந்தைக்கு எச்.ஐ.வி. வந்ததா என்று மட்டும் கேட்பதை விட்டு, குழந்தை எச்.ஐ.வி. இல்லாமல் உயிரோடும் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்கா 2011-இல் அரசு மருத்துவமனைகளில் இலவசப் பவுடர் பால் கொடுப்பதை நிறுத்தத் தீர்மானித்தது.

ஆனால் இந்தத் துயரமான தராசை உண்மையில் உடைத்தது மருந்து. கூட்டு மருந்து சிகிச்சையைத் தாய் தவறாமல் எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் வைரஸ் கருவிக்கே தெரியாத அளவுக்குக் குறைகிறது, பாலிலும் குறைகிறது. 2011-இல் மலாவி ஒரு காரியம் செய்தது. கர்ப்பிணிக்குத் தொற்று என்று தெரிந்த அன்றே, சி.டி.4 எண்ணிக்கைக்காகக் காத்திராமல், வாழ்நாள் முழுவதற்கும் மருந்தைத் தொடங்கிவிடுவது. ஏழை நாடு ஒன்று காட்டிய அந்த வழியை உலகமே பின்பற்றியது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,400-க்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளோடு நடந்த பிராமிஸ் ஆய்வு 2018-இல் வந்தது. தாய் கூட்டு மருந்து எடுத்தாலும் சரி, குழந்தை நெவிரபின் சொட்டு மருந்து குடித்தாலும் சரி, ஆறு மாதத்தில் பால் வழித் தொற்று 0.3 சதவீதம், ஒரு வயதில் 0.6. மருந்தில்லாத காலத்தின் எட்டு ஒன்பது சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் இந்த நம்பிக்கையில் எழுந்தது. தாய் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு இணை உணவோடு குறைந்தது ஒரு வயதுவரை. மற்ற தாய்மார்களைப் போல இரண்டு வயது, அதற்கு மேலும் தொடரலாம். இடையில் வேறு பால் ஏதும் கொடுத்துவிட நேர்ந்தால்கூட, மருந்து சரியாக எடுக்கும் தாய் அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றும் அது சொல்கிறது. கலந்து கொடுத்துவிட்டோமே என்று பதறும் தாய்மார்களுக்கு இந்த வரியை யாராவது உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.

பணக்கார நாடுகளும் இறங்கி வந்தன. தாய்ப்பால் கூடவே கூடாது என்று 1985 முதல் சொல்லிவந்த அமெரிக்கா, 2023-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. வைரஸ் முழுதாக அடங்கியிருக்கும் தாயோடு உட்கார்ந்து பேசி, முடிவை அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டும் என்கிறது இப்போது. ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் கீழே; ஆனால் பூஜ்யம் இல்லை. ஏன் பூஜ்யம் இல்லை? வைரஸ் இரண்டு வடிவங்களில் பாலுக்கு வருகிறது. தனித்து மிதக்கும் துகள்கள் ஒன்று. அவற்றை மருந்து அடக்கிவிடுகிறது. மற்றொன்று, தன் மரபுக்குறியீட்டைத் தாயின் நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் எழுதிவைத்துவிட்டு உறங்குவது. மருந்து அந்தச் செல்லைத் தொடுவதில்லை. தாய்ப்பாலில், அதிலும் சீம்பாலில், தாயின் உயிருள்ள செல்கள் ஏராளம். ரத்தத்தில் வைரஸ் தெரியாவிட்டால் உடலுறவு மூலம் பரவாது என்று துணிந்து சொல்லும் மருத்துவம், தாய்ப்பாலுக்கு அதே வாக்கியத்தைச் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

இனி நம் ஊர். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல் சென்னையில்; மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த மாதிரிகளில். தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்கு நம்பிக்கை மையத்தில் பரிசோதனை. தொற்று இருந்தால் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் இலவச மருந்து. பாதை தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் வீட்டுக்குள் தொடங்குகிறது.

குழந்தை பிறந்த வீட்டில் அதன் வாயில் முதலில் என்ன வைப்பது என்பதை நம் ஊரில் தாய் மட்டும் முடிவு செய்வதில்லை. பெரியவர் கையால் சேனை வைப்பது உண்டு. சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, வசம்பு, வயிறு உப்பினால் கிரைப் வாட்டர், வெயில் காலத்தில் ரெண்டு பாலாடை வெந்நீர். அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் டர்பனில் எண்ணிய மூன்றாவது வரிசை, அந்த 26.1 சதவீதம், இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் உருவானது. தாய்ப்பால் மட்டும் என்றால் தண்ணீர்கூட இல்லை என்ற பொருளில் மட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு அதில் விலக்கு உண்டு; வேறு எதற்கும் இல்லை.

இதைவிடக் கொடிய கலப்பு ஒன்று உண்டு. அதை ரகசியம் உண்டாக்குகிறது. பவுடர் பால் கொடுப்பதென்று முடிவு செய்த ஒரு பெண், தன் தொற்றை வீட்டில் சொல்லவில்லை என்று வையுங்கள். "ஏம்மா, பால் சுரக்கலையா? புள்ள அழுவுதே, மடியில போட்டுக்க" என்று மாமியார் எதிரே வந்து உட்காருகிறார். என்ன செய்வார்? மாமியார் பார்க்கும்போது மார்பில் போட்டுக்கொள்வார். பார்க்காதபோது பவுடர் கரைப்பார். ஆபத்து எது அதிகமோ அதுவே அவருக்கு வாய்க்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பவுடர் டப்பாவோடு நடந்துபோனாலே ஊர் ஊகித்துவிடும் என்று பயந்த தாய்மார்கள் செய்ததும் இதைத்தான். இங்கே குழந்தையின் குடல் சுவரை நெகிழ்த்துவது அக்கம்பக்கத்தாரின் நாக்கு என்று சொன்னால் அது மிகையில்லை. ஆகவே கணவரையோ, வீட்டில் நம்பத்தகுந்த ஒருவரையோ ஆலோசனைக்கு அழைத்துவரச் சொல்லும் ஆலோசகர் செய்வது சடங்கில்லை, சிகிச்சை. ஆனால் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தப்படப்போவது அவர்தான்.

தாய் இறந்துவிட்டாலோ, மிகவும் நோயுற்றிருந்தாலோ மாற்றுப் பால் தவிர வழியில்லாமல் போகலாம். நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும் வேண்டாம் என்று முடிவெடுக்கும் தாயும் உண்டு. அவரைக் குற்றவாளியாக்க யாருக்கும் உரிமையில்லை. அப்போது செய்ய வேண்டியது, முழுவதும் மாற்றுப் பாலாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. பவுடர் கிருமியற்றது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலந்து, உடனே குளிரவைத்துக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை வைக்கக் கூடாது. ரப்பர் நிப்பிளின் மடிப்புகளில் அழுக்கு தங்கும். நம் பாட்டிமார் புழங்கிய பாலாடையும் சங்கும் மூலைமுடுக்கில்லாதவை. கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் சுத்தம்.

குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதியாகத் தெரிய, பிறந்த பிறகும் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயதுவரைகூடத் தங்கியிருக்கும். ஆகவே பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை, தொற்றில்லாத குழந்தையையும் பாசிட்டிவ் என்று காட்டிவிடும். இந்தக் காரணத்தால் ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தி, வைரஸின் மரபணுவையே தேடிப் பார்க்கிறார்கள். பிறகு ஆறு மாதத்தில், ஒரு வயதில், ஒன்றரை வயதில். தாய்ப்பால் இன்னும் தொடர்ந்தால், அது நின்ற பிறகு இன்னொன்று. இதற்கெல்லாம் முன்பே தாய்க்கும் ஒரு பரிசோதனை உண்டு. கர்ப்பத்தின் 32-இலிருந்து 36-ஆம் வாரத்துக்குள் அவர் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்ப்பது. ஒரு மில்லி லிட்டரில் 1,000-க்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு ஒரு மருந்து ஆறு வாரம். அதற்கு மேலே போனாலோ, எண்ணே தெரியாவிட்டாலோ, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு மருந்து பன்னிரண்டு வாரம். பிரசவத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போல இந்த எண்ணையும் ஒரு கர்ப்பிணி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பாலைக் கொடுப்பது என்று யோசிக்கும்போது, அவர் கையில் இருக்கும் மிக உபயோகமான தகவல் அதுதான்.